இந்த வீட்டில் குடியிருப்பவர்

1

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜெபல் அலி கேம்பில் பழனிவேல் என் முகத்துக்கு நேரே ஒரு பேரீச்சங்கொட்டையை நீட்டினான்.

பழனிவேல் ராமநாதபுரத்துக்காரன். இந்த அரபு நாட்டுத் துறைமுக வேலையில் கம்பி கட்டுகிறான். நான் அதே கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். அவன் கட்டும் கம்பியை நான் பேப்பரில் கோடாகப் போடுகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அந்த ஒரு வித்தியாசத்தால் நான் டவுனுக்குள் தேராவில் மனைவி, குழந்தையோடு ஃபிளாட்டில் இருக்கிறேன், அவன் கேம்பில் எட்டுப் பேரோடு ஒரு ரூமில் கிடக்கிறான். வெள்ளிக்கிழமைகளில் எனக்கு அரை நாள் டியூட்டி விழுந்தால் அவன் ரூமில்தான் சாப்பாடு. அவனும் விடமாட்டான், நானும் வேண்டாம் என்று சொல்லுகிற ஆள் இல்லை.

ரூமின் குறுக்கே ஒரு பெட்ஷீட்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்குப் பின்னால் இரண்டு பால்பவுடர் டப்பா. ஒவ்வொன்றிலும் ஒரு கூட்டணியின் சின்னத்தைக் கரியால் வரைந்து ஒட்டியிருந்தார்கள். ஆளுக்கு ஒரு பேரீச்சம்பழம் தருவார்கள். பழத்தைத் தின்றுவிட்டு, கொட்டையைக் கழுவி, திரைக்குப் பின்னால் போய் இஷ்டப்பட்ட டப்பாவில் போட வேண்டும். ஜனவரியில் ஊரில் தேர்தல் வருகிறதல்லவா, யார் ஜெயிப்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான் இந்த ஏற்பாடு. பம்பாய்ப் பத்திரிகைக்காரர்கள் இதற்குக் கருத்துக்கணிப்பு என்று பெரிய பேர் வைத்திருக்கிறார்கள். எங்கள் கேம்பில் இதன் பேர் கொட்டை போடுவது.

நான் பழத்தைத் தின்றேன். கொட்டையைத் திருப்பி அவன் கையிலேயே கொடுத்துவிட்டேன். எனக்கு வயிறு சரியில்லை பழனி என்றேன். கொட்டை போடுவதற்கும் வயிற்றுக்கும் என்ன சார் சம்பந்தம் என்று கேட்டான். நியாயமான கேள்விதான். ரூமில் எல்லோரும் சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிக்கவில்லை. இந்தக் கொட்டைத் தேர்தலைத் தொடங்கி வைத்தவர்களில் நானும் ஒருவன் என்பது அவனுக்குத் தெரியும்.

ஏன் போடவில்லை என்று அவனிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் ஊரில் இருப்பவர்கள். ஓட்டுச்சாவடியில் க்யூ நீளமாக இருக்கிறது, வெயில் அடிக்கிறது என்று அலுத்துக்கொள்கிறவர்கள். கொஞ்சம் கேளுங்கள்.

2

எழுபத்தேழில் நடந்தது. அந்த வருஷம் ஊரில் இரண்டு தேர்தல். மார்ச்சில் பார்லிமெண்டுக்கு, ஜூனில் சட்டசபைக்கு. நெருக்கடி நிலை முடிந்த சமயம், யாரைப் பார்த்தாலும் அதே பேச்சு. இங்கே எங்களுக்குத் தமிழ்ப் பேப்பர் வந்து சேர்வதற்குள் செய்தி ஊசிப்போயிருக்கும். ரேடியோவில் கொழும்பு கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் கரகரப்புதான். ஆனால் விவாதத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் கை காய்கிறவரை பேசுவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு பேர் கட்டிப் புரண்டே விட்டார்கள். அதன்பிறகுதான், பேசி என்ன பிரயோஜனம், எண்ணிப் பார்த்துவிடுவோமே என்று யோசனை வந்தது. பேரீச்சங்கொட்டை பழனிவேலின் மூளை. விரலில் வைக்கிற மை என்னுடைய டிராயிங் இங்க்.

முதல் தகராறு சமையற்காரர் குஞ்ஞப்பனால் வந்தது. அவர் மலையாளி. இது தமிழ்நாட்டுத் தேர்தல், உங்களுக்கு இதில் ஓட்டுக் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் ஒன்றும் சண்டை போடவில்லை. அன்று சாயங்காலம் சாம்பார் வைக்கவில்லை, மறுநாளும் வைக்கவில்லை. மூன்றாம் நாள் அவருக்கு வாக்குரிமை வழங்கப்பட்டது.

மை வைத்தது இன்னொரு கூத்து. சனிக்கிழமை காலையில் சைட்டுக்கு வந்த தமிழன் ஒவ்வொருவனுக்கும் ஆள்காட்டி விரல் கறுப்பு. ஃபோர்மேன் ஒரு பாகிஸ்தானி, பயந்தே போய்விட்டார். ஏதோ தொத்து வியாதி என்று நினைத்து எல்லோரையும் டிஸ்பென்சரிக்கு அனுப்பிவிட்டார். கம்பவுண்டருக்கு விளக்கிச் சொல்லி மீள்வதற்குள் அரை நாள் போயிற்று.

சிரிப்பாகத்தான் இருந்தது. பழனிவேல் ஒரு விதி கொண்டுவந்தான் பாருங்கள், அதிலிருந்துதான் சிரிப்பு நின்றது. ஜூன் தேர்தலுக்குக் கொட்டை போடுவதானால் ஊரில் வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிறவன்தான் போடலாம் என்றான். சும்மா போகிறவன் வருகிறவனெல்லாம் போட்டால் கணக்குத் தப்பும், நியாயம் வேண்டாமா என்றான். சரிதானே என்று எல்லோரும் தலையாட்டினார்கள். அவரவர் வீட்டுக்கு எழுதிப் போட்டார்கள். என் பேர் லிஸ்ட்டில் இருக்கிறதா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்று.

பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. இவன் பேரை எடுத்துவிட்டார்கள். அவன் பேருக்கு ஆட்சேபணை கொடுத்திருக்கிறார்கள். இன்னொருவன் பேர் இருந்த இடத்தில் கோடு போட்டிருக்கிறது. சட்டம் அப்படி. எந்த ஊரில் குடியிருக்கிறாயோ அங்கேதான் ஓட்டு, வெளிநாட்டில் குடியிருப்பவன் பேர் ஊரில் இருக்கக்கூடாது. பழனிவேலின் பேரும் போயிருந்தது. விதி போட்டவனுக்கே ஓட்டு இல்லை. அந்தப் பதில் வந்த அன்று அவன் கம்பி கட்டுகிற குறடைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். நான் செத்தா போயிட்டேன் சார் என்று என்னைக் கேட்டான்.

நம் பேர் அப்படிப் போகாது என்று எனக்கு ஒரு நினைப்பு. மெத்தப் படித்தவன் என்கிற திமிர்தான், வேறென்ன.

3

எங்கள் ஊர் தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு சின்ன டவுன். அப்பா இல்லை. வீட்டில் அம்மா, தம்பி செல்வம், அவன் மனைவி. அம்மாவின் பேர் தையல்நாயகி. செல்வம் ஒரு கட்சிக்கு பூத் ஏஜெண்ட். எதிர்வீட்டு ராமலிங்க மாமா இன்னொரு கட்சிக்கு பூத் ஏஜெண்ட். எனக்கு சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். தேர்தல் இல்லாத நாளில் இரண்டு வீட்டுக்கும் குழம்பு போகும், வரும். தேர்தல் வந்துவிட்டால் குழம்பு நின்றுவிடும்.

எங்கள் தொகுதி அப்படி. ஒவ்வொரு தடவையும் நூலிழையில் ஜெயிப்பார்கள், நூலிழையில் தோற்பார்கள். தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு பேரை வைத்துக்கொண்டு மல்லுக்கு நிற்பார்கள்.

மார்ச் தேர்தலில் என் ஓட்டை எவனோ போட்டுவிட்டுப் போயிருக்கிறான். செல்வமும் ராமலிங்க மாமாவும் பூத்துக்குள்ளே உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து எவனோ வந்து, நான்தான் ராஜமாணிக்கம் என்று சொல்லி மை வைத்துக்கொண்டு குத்திவிட்டான். நான் இங்கே வியர்வையைத் துடைத்துக்கொண்டு கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன், அங்கே நான் ஓட்டே போட்டாகிவிட்டது. யாருக்குப் போட்டேன் என்றுதான் இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அதன்பிறகு ராமலிங்க மாமா சும்மா இருப்பாரா? ஜூன் தேர்தலுக்கு முன்னால், தெருவில் வெளிநாட்டில் இருப்பவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் ஆட்சேபணை எழுதிக் கொடுத்துவிட்டார். அதில் என் பேரும் ஒன்று. தாலுக்கா ஆபீசில் விசாரணைக்கு நாள் குறித்தார்கள்.

பேர் போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன். விட முடியாதபடி ஒரு காரியம் நடந்திருந்தது. அந்தச் சமயத்தில் எனக்கு லீவு கிடையாது. அடுத்த வருஷம்தான் முறை. ஆனால் அம்மாவைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அதற்கு முந்தைய லீவில் பார்த்தபோதே அவள் நடை தளர்ந்திருந்தது. எங்கள் சைட் மானேஜர் வெள்ளைக்காரர், கொஞ்சம் விளையாட்டுப் புத்தி உள்ளவர். என் நாட்டில் தேர்தல், நான் ஓட்டுப் போடப் போக வேண்டும், லீவை முன்னால் தள்ளித் தாருங்கள் என்று துணிந்து கேட்டுவிட்டேன். அவர் பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். பிறகு, உனக்கு உண்மையிலேயே ஓட்டு இருக்கிறது என்று ஒரு சர்க்கார் நகல் கொண்டுவா, டிக்கெட்டோடு அனுப்புகிறேன் என்றார். பட்டியலில் என் பேர் உள்ள பக்கத்தின் நகல், தாலுக்கா முத்திரையோடு. அது வந்தால் ஜூனில் நான் ஊரில் இருப்பேன். வராவிட்டால் அடுத்த வருஷம்தான்.

அம்மாவிடம் இதைச் சொல்லியிருந்தேன். ஓட்டுப் போட வருகிறேன் அம்மா என்று.

4

சொன்னேன் என்றால் கேசட்டில் சொன்னேன். அந்த வருஷங்களில் எங்களுக்கெல்லாம் கேசட்தான். ஃபோன் என்பது பெரிய மனிதர்கள் சமாசாரம். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே லீவில் போனபோது வீட்டுக்கு ஒரு டேப்ரெக்கார்டர் வாங்கிக்கொண்டு போய் வைத்தேன். யாராவது ஊருக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டால் பேசிப் பதிந்து அவர் கையில் கொடுத்தனுப்புவேன். கேட்டு முடித்துவிட்டு அதே கேசட்டில் அவர்கள் பேசிப் பதிந்து திருப்பி அனுப்புவார்கள். ஒரே கேசட்தான் போய்ப் போய் வரும்.

இங்கே தேராவில் கேசட் வந்த நாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். என் மனைவி சாரதா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவாள். அம்மா பேசும்போது டேப்ரெக்கார்டரைப் பார்த்து ம், ம் என்று பதில் வேறு சொல்லுவாள். எங்கள் மகள் நிர்மலாவுக்கு அப்போது ஏழு வயது. முதல் இரண்டு நிமிஷம் கேட்பாள். அதன்பிறகு நெளிய ஆரம்பித்துவிடுவாள். பாட்டி ஏன் ஃபாஸ்ட்டா பேசறாங்க, எனக்கு ஒண்ணும் அண்டர்ஸ்டாண்ட் ஆகலை என்பாள். அவளைச் சொல்லி என்ன பயன், பள்ளிக்கூடத்தில் தமிழ் பேசினால் மிஸ் முறைக்கிறாள். வீட்டுக்கு வந்தும் அதே இங்கிலீஷ்தான். ஒரு நாள் ஸ்கூலில் 'என் ஊர்' என்று எழுதிவரச் சொன்னார்கள். அவள் தேராவின் படகுத்துறையை எழுதி, கலர் அடித்துக்கொண்டு போனாள். நல்ல படம், நூற்றுக்கு நூறு.

நான் அனுப்பிய கேசட்டில் பெருமையடித்துக்கொண்டது ஒன்று உண்டு. அம்மா, இங்கே பாலைவனத்தைக் குடைந்து கடலை உள்ளே கொண்டுவருகிறார்கள், அவ்வளவு பெரிய துறைமுகம், அந்த வேலையில்தான் நான் இருக்கிறேன் என்று சொல்லியிருந்தேன். ஏசி ரூமில் ஸ்டூலில் உட்கார்ந்து கோடு போடுகிறேன் என்று சொல்லவில்லை. யாராவது சொல்வார்களா?

விசாரணைக்குப் பிறகு கேசட் வந்தது. திருச்சிக்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். முதலில் செல்வம் பேசினான். குரலிலேயே கடுகடுப்பு. அண்ணே, எல்லாம் சொல்லிக்குடுத்துதான் கூட்டிட்டுப் போனேன், கடைசியில அம்மா கவுத்துட்டாங்க, அவங்களே சொல்லட்டும் என்று நிறுத்திவிட்டான். கொஞ்ச நேரம் ஏதோ சத்தம். பிறகு அம்மா.

அவள் சொன்னது எனக்கு வரி பிசகாமல் மனப்பாடம்.

"மாணிக்கம், நல்லாருக்கியாய்யா. உன் தம்பி கோவமா இருக்கான். அந்த ஆபீசரு நல்ல மனுசன்தான்யா. என்னைய பெஞ்சில ஒக்கார வச்சு தண்ணி குடுக்கச் சொன்னாரு. அப்பறம், பெத்த பிள்ளை மேல சத்தியமா சொல்லும்மா, உன் பெரிய மகன் இந்த வீட்டுலதான் குடியிருக்கானான்னு கேட்டாரு. ஆமாங்கன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். உன் தம்பியும் பின்னால நின்னு முதுகைத் தொடறான். ஆனா உன் மேல சத்தியம்னுட்டாரேய்யா. நீ அங்க கடல்ல நிக்கறே. பொய்ச் சத்தியம் பண்ணி உனக்கு ஒண்ணுன்னா நான் என்ன செய்வேன். இல்லைங்க, அவன் இங்க இல்லைன்னு சொல்லிட்டேன். நீ வரமுடியாம போயிடும்னு தெரிஞ்சேதான் சொன்னேன். கோவிச்சுக்காதய்யா. அடுத்த வருசம் வா."

அதற்குமேல் கேசட்டில் ஒன்றும் இல்லை. சாரதா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்குத்தான் இது புரியும். பிள்ளை மேல் பொய்ச் சத்தியம் பண்ணினால் அது பிள்ளை தலையில்தான் விடியும் என்பது அம்மாவுக்கு வெறும் பேச்சு இல்லை, நெருப்பு சுடும் என்பது போல நிச்சயம். அந்த ஆபீசர் வாய்வார்த்தைக்குத்தான் அப்படிக் கேட்டிருப்பார். ஒரு நாளைக்கு இருபது பேரிடம் கேட்பார், மறந்துபோவார். யார் மேலும் சத்தியம் வேண்டாம், நிஜத்தைச் சொல்லும்மா என்று கேட்டிருந்தால் அவள் செல்வம் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்திருப்பாள். நான் ஜூனில் போயிருப்பேன்.

ராமலிங்க மாமா விசாரணை முடிந்து வெளியே வந்ததும் அம்மாவிடம், அக்கா, என் வேலையை நான் செஞ்சேன், மனசுல வச்சுக்காதீங்க என்றாராம். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் படி இறங்கினாளாம்.

5

எனக்குக் கோபமான கோபம். ஆபீசர் மேல், மாமா மேல், செல்வம் மேல், தேர்தல் மேல், எல்லாவற்றின் மேலும். அம்மா மேலும்கூட. அதே சூட்டோடு அந்தக் கேசட்டிலேயே பதில் பேசினேன். அம்மா, நான் கடலில் நிற்கவில்லை, கடலுக்கும் என் நாற்காலிக்கும் ஒரு மைல் தூரம், ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கிறேன், தண்ணீரில் கால்கூட நனைவதில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

ஒரே கேசட் என்று சொன்னேனே. அவள் குரல் இருந்த இடத்தில்தான் நான் பேசிப் பதிந்தேன். அப்போது அது தோன்றவே இல்லை. எல்லோரும் அப்படித்தானே செய்வோம்.

மானேஜரிடம் போய், பேர் இல்லை சார் என்றேன். அவர் ரொம்ப வருத்தப்பட்டார். நிஜமாகவே வருத்தப்பட்டார். ஆனால் லீவு லீவுதான். கலாஸ், முடிந்தது, அடுத்த வருஷம் என்றார். அவருக்குத் தெரிந்த அரபி அந்த ஒரு வார்த்தைதான்.

அடுத்த வருஷ லீவுக்கு முன்னாலேயே, தை மாதத்தில், அம்மா போய்விட்டாள். தந்தி கம்பெனி விலாசத்துக்கு வந்தது, வியாழக்கிழமை சாயங்காலம். பாஸ்போர்ட் கம்பெனிப் பெட்டகத்தில். சாவி வைத்திருப்பவர் பஹ்ரைனுக்குப் போயிருந்தார். ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். மாஃபி, மாஃபி என்று எல்லோரும் கையை விரித்தார்கள். சாவி வந்து, பாஸ்போர்ட் வந்து, பம்பாய் வழியாக நான் போய்ச் சேர்ந்தபோது காரியம்தான் மிச்சம். நான் இல்லாமலே செல்வம் கொள்ளி வைத்திருந்தான். தூக்கிப் போனதில் ஒரு தோள் ராமலிங்க மாமாவுடையது என்று சொன்னார்கள்.

அப்போதுதான் செல்வம் ஒன்று சொன்னான். நான் அனுப்பிய அந்தக் கேசட்டை அம்மா பல தடவை போடச் சொல்லிக் கேட்டாளாம். கேட்டு முடிக்கும்போதெல்லாம் அவனிடம் ஒரே கேள்வி: அப்ப சத்தியம் பண்ணியிருக்கலாமோடா?

செல்வம் என்ன பதில் சொன்னான் என்று நான் கேட்கவில்லை.

6

இந்த ஐப்பசியில் தீபாவளிக்கு லீவில் போயிருந்தோம். ஜனவரித் தேர்தலுக்காகப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். புதுப் பட்டியலை வாங்கிக்கொண்டு வந்து செல்வம் என்னிடம் காட்டினான். எங்கள் வீட்டு எண், அவன் பேர், அவன் மனைவி பேர். அதற்குக் கீழே தையல்நாயகி. அம்மா இருந்தாள். நான்தான் இல்லை. இரண்டு வருஷமாகப் போகிறது, ஒருவரும் அவள் பேரை எடுக்கவில்லை.

அச்சில் அவள் பேரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. விரலால் தடவிப் பார்த்தேன், அசடு மாதிரி.

இருக்கட்டும் அண்ணே என்றான் செல்வம். தெருவில் செத்தவர் நாலு பேர் ஓட்டுப் போடுகிறார்கள், அம்மா ஒன்றும் முதல் ஆள் இல்லை, நம் கட்சிக்கு ஒரு ஓட்டு என்றான். ராமலிங்க மாமா ஆட்சேபணை கொடுக்கமாட்டாரா என்று கேட்டேன். அவனுக்கும் அதுதான் ஆச்சரியமாம். தெருவில் மற்றச் செத்தவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறார், அம்மாவை மட்டும் விட்டுவிட்டார். எதிர்வீட்டுக்குப் போய் நானே கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அந்தப் பேருக்கு நான் எழுதமாட்டேன் மாணிக்கம், கை வரலை" என்றார்.

ஆக, தம்பிக்கு வேண்டும், மாமாவுக்கு மனசு வரவில்லை, எனக்கோ அந்தப் பேரை எடுத்துவிட்டால் அவள் இன்னொரு தடவை போய்விடுவாள் போலிருந்தது. ஆளுக்கு ஒரு காரணம். பேர் அப்படியே இருந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பட்டியல் சரிபார்க்கிறவர் வந்தார். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார், பாவம், விடுமுறை நாளில் வெயிலில் அலையவிட்டிருந்தார்கள். வாசலில் நாற்காலி போட்டு மோர் கொடுத்தோம். சிவப்புப் பென்சிலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பேராக வாசித்தார். செல்வம், சரி. மனைவி, சரி. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, சார் யாரு, இங்கேதான் இருக்கிறீர்களா, புதுசாகச் சேர்க்க வேண்டுமா என்று கேட்டார். செல்வத்தின் கண்ணில் ஒரு மின்னல். அவன் வாயைத் திறப்பதற்குள் நிர்மலா முந்திக்கொண்டாள்.

"வீ ஆர் ஒன்லி விசிட்டிங், அங்கிள்."

ஒன்பது வயதுக் குழந்தை. இருப்பதைச் சொன்னாள். வாத்தியார் சிரித்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனார். தையல்நாயகி, பெண். இந்த அம்மா இருக்காங்களா?

செல்வம் என்னைப் பார்த்தான். எதிர்வீட்டு வாசலில் ராமலிங்க மாமா நின்றுகொண்டிருந்தார், அவரும் பார்த்தார். உள்ளே இருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாத்தியார் சத்தியம்கூடக் கேட்கவில்லை. நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அந்தத் தாலுக்கா ஆபீஸ் பெஞ்சில் தண்ணி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே, வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டாளே, அது ஞாபகம் வந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. ஆனாலும் ஞாபகம் வந்தது.

"இல்லைங்க" என்றேன்.

வாத்தியார் ஒரு கோடு போட்டார். ஸ்கேல் வைக்காமல் கோணலாகத்தான் போட்டார். ஓரத்தில் காரணம் எழுத வேண்டும் போலிருக்கிறது, பென்சிலை அங்கேயே வைத்துக்கொண்டு கேட்டார்:

"எப்ப சார் தவறினாங்க? எந்தக் கிழமை, காலையிலா ராத்திரியா, ஏதாவது சொன்னா எழுதிக்கறேன்."

எனக்குத் தெரிந்ததெல்லாம் தந்தி வந்த கிழமைதான்.

"தம்பியைக் கேளுங்க சார்" என்றேன். "நான் அப்ப இங்க இல்லை."